காந்தம் ஒட்டாத போல்ட்டு

"நில்லுங்க, நகராதீங்க" என்று சொல்லிவிட்டு, வந்தவருடைய இடுப்புப் பட்டைக் கொக்கியில் காந்தத்தை வைக்கிறார் காந்தக்கா. வந்தவர் லாரி ஓட்டுபவர். சக்கரத்துக்குள் இறுகிப்போன ஒரு முளையைக் கழற்றித் தரச் சொல்லி வந்தவர். பாவம், இன்னும் உட்காரக்கூட இல்லை. காந்தம் 'டக்'கென்று ஒட்டிக்கொள்கிறது.

"பித்தளைன்னு சொல்லி வித்தாங்களா?"

"ஆமாக்கா. கனமா இருந்துச்சு, அதான்..."

"இரும்பு. மேல மெருகு போட்டிருக்கான். போகட்டும், பேன்ட்டு நிக்குதுல்ல? உக்காருங்க. இப்பச் சொல்லுங்க, என்ன சிக்கிக்கிச்சு?"

லாரிக்காரர் குனிந்து தன் இடுப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டையை இனி அவர் பழைய பெருமையோடு கட்டப் போவதில்லை. அதற்கெல்லாம் அக்கா பொறுப்பில்லை. எதைப் பார்த்தாலும் அது என்ன உலோகம் என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. தெரியாவிட்டால் பேச்சில் மனம் ஓடாது.

அந்தக் காந்தம் ஓர் உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கியது. சாவிக்கொத்தோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி இடுப்பில் செருகியிருப்பார். மருத்துவமனைக் கட்டில், லிஃப்ட்டுக் கதவு, கல்யாண மண்டபத்து அண்டா, பேருந்தின் கைப்பிடி என்று அது தொடாத இடமில்லை. ஒருமுறை தங்கை மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் வைத்த வெள்ளித் தட்டிலும் போய் ஒட்டிவிட்டது. ஒட்டியதோடு விட்டிருக்கலாம். "ஒட்டுதே!" என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டார். தங்கை வீட்டில் இவரைக் கண்டால் இன்றைக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை உள்ளே எடுத்து வைத்துவிடுகிறார்களாம்.

ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. குள்ளமான, அகன்ற உடம்பு. இடது புருவத்தில் பாதி கிடையாது. கேஸ் டார்ச் எடுத்துக்கொண்ட பங்கு அது. பாதுகாப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே கடை முழுக்கத் தேடுவார். கழலாத நட்டோடு பேசுகிற பழக்கம் உண்டு. முதலில் "வா கண்ணு, வாடா ராசா" என்று கொஞ்சல். அசையவில்லை என்றால், "என்னடா, மாப்பிள்ளை முறுக்கு காட்டுற?" என்று ஏச்சு. அதற்கும் மசியவில்லை என்றால்தான் நெருப்போ மின்சாரமோ வரும்.

இவர்கள் தொழிலே அதுதான். துருப்பிடித்தோ, இறுகியோ, எங்கே யார் தலைகீழாக நின்றாலும் கழற்ற முடியாத இரும்பெல்லாம் கடைசியில் இந்தக் கடைக்கு வந்து சேரும். கடையை நடத்துவது கணவனும் மனைவியும். தெருவுக்கே இவர் அக்கா என்பதால், அக்காவின் புருஷன் தெருவுக்கே மாமா. உள்ளே நுழைந்ததும் இடது பக்கச் சுவர் கரிப்பிடித்து இருண்டிருக்கும். சிலிண்டர், ரப்பர்க் குழாய், ஆணியில் வரிசையாகத் தொங்கும் டார்ச்சுகள். அது மாமாவின் ராஜ்ஜியம். வலது பக்கச் சுவர் வெள்ளை வெளேர் என்று இருக்கும். இடுப்புயர மேசை, அதன் மேல் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து நீளும் செம்புக் கம்பிச் சுருள். அது அக்காவுடையது. சுருளுக்குள் இரும்பை நுழைத்து விசையைத் தட்டினால், நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, கண்ணெதிரே இரும்பு தானாகச் சிவக்கும். முதன்முதலில் பார்ப்பவர்கள் சுருளைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டுவார்கள். அக்கா கையில் ஒரு போடு போடுவார். பெட்டி ஓடும்போது பக்கத்து செல்போன் பழுதுக் கடையில் விளக்கு மங்கும். "அக்கா!" என்று அங்கிருந்து ஒரு குரல் வரும். "ஆச்சு, ஆச்சு!" என்று இங்கிருந்து பதில் போகும்.

எது உசத்தி என்பதில் இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து இல்லாவிட்டாலும், பெட்டி வந்த நாளிலிருந்து தகராறு.

"உன் சுருளுக்கு உபசாரம் அதிகம்" என்பார் மாமா. "நட்டைக் கழுவணும், தொடைக்கணும், வழி விட்டு உள்ள கூட்டிட்டுப் போகணும். மூலையில ஒளிஞ்சிருக்கிற நட்டுக்கு உன் சுருள் போகுமா? என் நெருப்பு சந்து பொந்தெல்லாம் போகும். அலுமினியமா இரும்பான்னு சாதி விசாரிக்காது. கரண்ட் போனாலும் எரியும்."

"ஆமா, எரியும். கேட்டதையும் எரிக்கும், கேக்காததையும் எரிக்கும். போன மாசம் அந்த வேன்காரர் நட்டக் கழட்டச் சொன்னாரு. நீங்க நட்டோட சேத்து பிரேக் குழாயையும் கழட்டிக் குடுத்தீங்க, பொசுக்கி."

"நட்டு வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சுங்க. வேன்தான் வரல."

இப்படி ஆளாளுக்கு வாயைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆனால் அக்காவுக்கு வெல்வது முக்கியமில்லை. அவருக்கு ஏன் என்று தெரிய வேண்டும். ஒரே அளவில் இரண்டு நட்டு எடுத்து, இரண்டின் மேலும் மெழுகுவத்தித் துண்டுகளை ஒட்டி, ஒன்றை நெருப்பிலும் ஒன்றைச் சுருளிலும் சுட்டுப் பார்ப்பார். மெழுகு எந்தப் பக்கம் முதலில் உருகுகிறது, சூடு எவ்வளவு தூரம் பரவுகிறது, ஆறும்போது எது முதலில் ஆறுகிறது என்று கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து பார்ப்பார். வீட்டில் மின்சாரம் போனால் ஏற்ற மெழுகுவத்தி இருக்காது. "எல்லாம் நட்டு தின்னுட்டுப் போயிருச்சு" என்று இருட்டில் மாமா குரல் மட்டும் கேட்கும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். எந்த உருப்படி வந்தாலும் அக்கா நேரே அதில் சூடு வைக்க மாட்டார். அதே மாதிரி வேறொன்றைப் பழைய இரும்புக் குவியலில் தேடி எடுத்து, முதலில் அதைச் சுடுவார். அதற்கு 'இரட்டை' என்று பெயர். "மொதல்ல ரெட்டையப் பாடாப் படுத்திரணும். அப்பத்தான் சொந்தப் பிள்ளை தப்பிக்கும்" என்பார். இரட்டை கிடைக்காத வேலையை இரண்டு நாள் தள்ளியே போடுவார். வாடிக்கையாளர் முணுமுணுத்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

லாரிக்காரரின் முளையை அன்றைக்குக் கழற்றியது நெருப்புதான். உருப்படியைப் பார்த்ததுமே அக்கா, "பானை மாதிரி பெருசா இருக்கு. என் சுருள் இதுக்குள்ள போகாது. இது உங்க மாமா வேலை" என்று விட்டுக்கொடுத்துவிட்டார். மாமா வெளிவட்டத்தைச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றினார். சூடு பட்டால் வெளியே இருப்பது விரியும். உள்ளே இருப்பதற்கு மூச்சு விட இடம் கிடைக்கும். இடையில் ஒட்டிக் கிடக்கும் துரு விரிசல் விடும். அந்த விரிசல் சத்தத்துக்காக அக்கா காதைச் சாய்த்து நின்றார். 'க்ரீச்' என்றது. "போதுங்க, எடுங்க!" என்றார். முளை வந்தது. மாமா டார்ச்சை அணைத்து, வெற்றிச் சிரிப்போடு தம் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி நடந்தார். நடக்கும்போது ஒரு சத்தம் கேட்டது, 'டொக்'கென்று. லாரிக்காரர் கீழே ஏதோ விழுந்துவிட்டதாக நினைத்துக் குனிந்து தேடினார்.

"தேடாதீங்க. அது நம்ம பங்காளி" என்றார் மாமா.

மாமாவுக்கு வலது கால் முட்டிக்கு மேலே வரைதான். சாலை விபத்தில் போனது, வருஷக் கணக்காகிறது. அதற்குக் கீழே இருப்பது செயற்கைக் கால். அதற்கு அவர் வைத்த பெயர்தான் பங்காளி. "என் வீட்லயே இருப்பான், என் சோத்தையே தின்பான், அவசரத்துக்கு மட்டும் ஒத்துழைக்க மாட்டான்" என்பது அவர் தரும் விளக்கம்.

பங்காளியின் முட்டியில் குறுக்காக ஒரு போல்ட்டு ஓடுகிறது. அது இறுக்கமாக இருந்தால் முட்டி நிதானமாக மடங்கும். தளர்ந்தால் தொளதொள என்று ஆடும். நடக்க நடக்க அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஆகவே கடை சாத்தியதும் மாமா வீட்டில் நாற்காலியில் உட்காருவார். அக்கா ஒரு குட்டை முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து, வளைந்த எல்-சாவியை போல்ட்டுத் தலையில் செருகி முடுக்குவார். அரைச் சுற்று, சில நாள் அதற்கும் குறைவு. அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ஆனால் இவர்களுக்கு வெகு நேரம் ஆகும். ஊர்க்கதை, கடைக்கதை, தங்கை வீட்டுக் கதை எல்லாம் அந்த அரைச் சுற்றுக்குள் வந்து போகும். பிறகு அக்கா ஒரு முனகலோடு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

ஒருநாள் சாவியோடு வந்து உட்கார்ந்தபோது மாமா, "இறுக்கமாத்தான் இருக்கு, வேணாம்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாள் அக்கா முக்காலியே போடவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. அவர் இரண்டு நட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், தேவையே இல்லாமல் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் வருத்தம்தான். யாரிடம் போய்ச் சொல்வது? கால் நன்றாக இருக்கிறது என்று ஒரு மனைவி வருத்தப்பட முடியுமா?

அப்புறம்தான் இந்த 'டொக்' வந்தது. முட்டிக்குள் இருக்கும் சின்ன ரப்பர்க் கட்டை தேய்ந்துவிட்டது. அது தேய்ந்தால் முட்டி நீளும்போது மோதும். சமயத்தில் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கியும் விடும். அப்படி மடங்கியது, மாமா எரிகிற டார்ச்சோடு நிற்கும்போது. ஆள் விழுந்தார். நெருப்பு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது, அவ்வளவுதான் அதிர்ஷ்டம். அக்கா ஓடிப்போய் சிலிண்டரை மூடிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இது சரியாகற வரைக்கும் நீங்க டார்ச்சத் தொடக் கூடாது" என்றார்.

"ரப்பர் மாத்துனா முடிஞ்சுது. ஒரு போல்ட்டுதானே!"

அந்த ஒரு போல்ட்டுதான் வரவில்லை. செயற்கைக் கால் மையத்தில் இருந்தவர் நல்ல மனிதர். முயன்று பார்த்துவிட்டு, சாவியை வெளியே எடுத்தார். "இதுக்கு மேல திருகினா போல்ட்டுத் தலை மழுங்கிரும். அப்புறம் முட்டி மொத்தமும் மாத்தணும். புது முட்டிக்கு எழுதிப் போட்டா வர மாசக் கணக்காகும். காலை இங்கேயே விட்டுட்டுப் போங்க, பாப்போம்" என்றார்.

மாசக் கணக்கா? விபத்துக்குப் பிறகு முதல் கால் வரும் வரை மாமா வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அவருக்குத் தெரியும். கிண்டல் கிடையாது, சண்டை கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்ப்பார். அந்த மனிதரை மறுபடி பார்க்க அக்காவால் முடியாது. "நாங்களே கழட்டிக் கொண்டாரோம்" என்று காலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஊரார் இரும்பையெல்லாம் கழற்றித் தருகிறவர் வீட்டு போல்ட்டு கழலவில்லை என்றால் கேவலமில்லையா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். உள்ளுக்குள் பயம்தான்.

நாலைந்து நாள் எண்ணெய் விட்டு ஊற வைத்தார். சொட்டுச் சொட்டாக விட்டு, தட்டி, கொஞ்சி, ஏசிப் பார்த்தார். மாப்பிள்ளை அசைந்துகொடுக்கவில்லை. சரி, இனிச் சூடுதான் என்று முடிவானபோது மாமா ஒற்றைக் காலோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நெருப்பு வேணாம்."

"என்னது?"

"சுத்திப் பூரா பிளாஸ்டிக்கு. நெருப்பு வேணாம்மா."

"யாரு பேசுறது இது? என் நெருப்பு சந்து பொந்தெல்லாம் போகும்னவரா?"

"அடுத்தவன் சந்து பொந்துக்குச் சொன்னது அது" என்றார் மாமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

இரட்டை இல்லாமல் அக்கா வேலை தொடங்குவாரா? பரண்மேல் ஏறி, மாமாவின் பழைய காலை இறக்கினார். பெரிய பங்காளி, அதே வகை, அதே முட்டி, பல வருஷம் மூத்தது. கடை விடுமுறை நாளில், மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு கால்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார். பெரிய பங்காளியின் ஒரு ஓரத்தில் கேஸ் டார்ச்சைக் காட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் பிளாஸ்டிக் உறை கொப்பளித்துச் சுருங்கிவிட்டது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழசுதான், இருந்தாலும் அவர் அதில் நடந்திருக்கிறார் அல்லவா?

அடுத்து, சுருள். போல்ட்டு நுனியைச் சுற்றி வருமாறு வளைத்து, விசையைத் தட்டினார். "அக்கா!" என்றது பக்கத்துக் கடை. போல்ட்டு வெதுவெதுப்பானதோடு நின்றது. அதைச் சுற்றியிருந்த எஃகு வளையமோ கொதித்து, அதை ஒட்டியிருந்த ரப்பர் இளகி நாறியது. விசையை அணைத்துவிட்டு அக்கா வாயைத் திறந்தபடி நின்றார். சுட வேண்டியதைச் சுடவில்லை. சுடக் கூடாததைச் சுட்டுவிட்டது. போன மாதத்து வேன்காரரும் பிரேக் குழாயும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மாமாவுக்கும் வந்தது போலும்.

அக்கா மெதுவாக இடுப்பிலிருந்து காந்தத்தை எடுத்தார். இன்றைய பங்காளியின் போல்ட்டில் வைத்தார். காந்தம் வழுக்கிக்கொண்டு விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. துருப்பிடிக்காத எஃகில் இது ஒரு வகை, காந்தத்துக்குப் பிடிபடாது, அக்காவின் சின்னப் பெட்டிக்கு அதைச் சுடத் தெம்பு கிடையாது.

"இத்தனை வருஷத்துல இதுல ஒட்டிப் பாக்கவே இல்லையா நீ?" மாமாவால் நம்ப முடியவில்லை. "சம்பந்தி வீட்டுத் தட்டு வரைக்கும் ஒட்டிப் பாத்தவ!"

"அது சாமானு. இது நீங்களாச்சே" என்றார் அக்கா. "மனுஷன் மேல போய் யாராவது ஒட்டிப் பாப்பாங்களா?"



அக்காவுக்கு அதற்குள் வேறொன்று மண்டைக்குள் குடையத் தொடங்கியிருந்தது. பெரிய பங்காளியின் போல்ட்டில் சும்மா சாவியைச் செருகித் திருப்பினார். சமர்த்தாகச் சுழன்று வந்தது. இத்தனை வருஷம் பரணில் கிடந்தது, எண்ணெய் காணாதது, இப்போது சூடுபட்டு நொந்தது. அது வருகிறது, தினமும் நடமாடுகிற புதுசு வரவில்லை. துருப்பிடிக்காத போல்ட்டு துருவால் சிக்காது. அப்படியானால் எதனால் சிக்கும்? கண்ணாடியைத் தேடினார், தலையில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு குனிந்து, புது போல்ட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். நகத்தில் மெல்லிய சிவப்புத் தூள் வந்தது. துரு நிறம் இல்லை, குங்குமச் சிவப்பும் இல்லை. எங்கேயோ பார்த்த சிவப்பு.

நிமிர்ந்தார். மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"ம்."

"ஃபேன்ல என்ன இருக்கு?"

"தூசி. தொடைக்கணும்."

"செவப்புப் பசையா?"

மாமா விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் வரக்கூடிய புத்தி அது. போல்ட்டு தானாகத் தளராமல் இருக்க மரையில் ஒரு சொட்டுப் பசை விடுவார்கள். நீலம் விட்டால் சாவிக்கு இறங்கி வரும். சிவப்பு என்பது லாரி அச்சுக்கு, என்றைக்கும் கழற்ற வேண்டாத இடத்துக்கு. நன்றாகச் சுட்டாலொழிய பிடியை விடாது. அது கடையில் மாமாவின் அலமாரியில்தான் இருக்கும்.

"எவ்வளவு விட்டீங்க?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

"சுத்தி வர."

அக்கா சாவியை மேசைமேல் போட்ட சத்தத்தில் செல்போன் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நிலவரம் புரிந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா? நாலு நாளா நான் பசைக்கு எண்ணெய் விட்டுட்டு இருக்கேன், நீங்க வேடிக்கை பாத்துட்டு இருந்தீங்க!"

"சொல்லணும்னுதான் பாத்தேன். நீ அந்தப் போல்ட்டைத் திட்டுன திட்டக் கேட்டப்புறம் வாய் வரல." மாமா இப்போதுதான் விசிறியை விட்டுக் கீழே பார்த்தார். "தினம் சாயங்காலம் அந்தக் குட்டை முக்காலியில மடங்கி உக்காந்து முடுக்குற. எந்திரிக்கும்போது ஒரு முனகல் முனகுற பாரு, எனக்குக் கேக்காதுன்னா நெனச்ச? எனக்குத்தான் ஒரு முட்டி ரோட்டுல போச்சு, உனக்கு ரெண்டும் நல்லா இருக்கட்டும்னு... ஒரேயடியா ஒட்டிட்டா உனக்கு ஒரு வேலை மிச்சம்."

"நான் என் முட்டிகிட்ட முனகுனேன். உங்ககிட்டயா முனகுனேன்?" அக்காவின் குரல் உடைந்தது. "அத வேலைன்னு யாரு சொன்னா? நாள் பூரா நீங்க அந்தச் சுவரப் பாத்து நிக்கிறீங்க, நான் இந்தச் சுவரப் பாத்து நிக்கிறேன். சாயங்காலம் அந்த நேரம் ஒண்ணுதான் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துப் பேசுறோம். அதுலயும் பசையப் போட்டு ஒட்டிட்டீங்களே!"

மேசைமேல் இரண்டு பங்காளிகளும் மல்லாந்து கிடந்தார்கள்.

முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தது அக்காதான். அழுகை ஒரு பக்கம் இருக்கட்டும், அவருக்குள் ஒரு கேள்வி எழுந்துவிட்டது; எழுந்தால் உட்கார விடாது. நெருப்பு ஊரையே சுடுகிறது. சுருள் ஆளை அடையாளம் தெரியாமல் பக்கத்து ஆளைச் சுடுகிறது. போல்ட்டை மட்டும் தொட்டு, அதற்குள் மட்டும் சூட்டை ஊட்ட வேண்டும். போல்ட்டுத் தலையில் சாவி நுழைய ஒரு குழி இருக்கிறது. சாவி நுழைகிற இடத்தில் சூடு நுழையாதா?

"அண்ணே!" என்று பக்கத்துக் கடைப் பக்கம் குரல் கொடுத்தார். "அந்தப் பழைய ரேடியோ பத்தவைக்கிற பெரிய சால்டரிங் அயன் இருக்கா, கட்டை விரல் தண்டிக்கு?"

செல்போன் கடைக்காரர் காத்துக்கொண்டே இருந்திருப்பார் போல, கேட்ட வேகத்தில் அயனோடு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மேசைமேல் கிடந்த இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமா, சிவப்புப் பசைய நீங்களேவா?"

"அயனைக் குடுத்துட்டுக் கிளம்புப்பா" என்றார் மாமா.

அக்கா அயனின் முனையை போல்ட்டுக் குழிக்கு ஏற்றபடி அரத்தால் ராவினார். முதலில் இரட்டையில் வைத்துப் பார்த்தார். போல்ட்டு மட்டும் சுட்டது, உறை தப்பியது. பிறகு சொந்தப் பிள்ளையின் முட்டியைச் சுற்றி ஈரத்துணி சுற்றினார். காலை ஆடாமல் பிடிக்க ஆள் வேண்டும். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கடைசியில என் காலை என்னையே பிடிக்க வச்சுட்ட" என்றார்.

"வாய மூடிட்டு ஆடாமப் பிடிங்க."

அயன் சூடேறியது. குழிக்குள் வைத்து அழுத்திக்கொண்டு அக்கா காத்திருந்தார். ஈரத்துணியிலிருந்து ஆவி வந்தது. சாவி போட்டுத் திருகினார். வரவில்லை. அழுத்தித் திருகக் கை துடித்தது. தலை மழுங்கினால் மாசக் கணக்கு என்று மனம் சொன்னது. உறையின் விளிம்பு ஓரிடத்தில் பளபளத்தது.

"போதும், விட்டுரு" என்றார் மாமா தாழ்ந்த குரலில். "உருகப் போகுது. புது முட்டி வரும்போது வரட்டும். நான் உக்காந்துக்கிறேன்."

அந்தக் குரலை அக்கா ஒருமுறை கேட்டிருக்கிறார், சுவரைப் பார்த்த நாட்களில். அயனை எடுத்தார். துணியை மறுபடி நனைத்துச் சுற்றினார். முழுக்க ஆற விட்டார். பிறகு அயனை மறுபடி வைத்தார். இந்தத் தடவை போல்ட்டிடம் ஒரு வார்த்தை கொஞ்சவும் இல்லை, ஏசவும் இல்லை. காதைச் சாய்த்துக் காத்திருந்தவர், சட்டென்று மூக்கைச் சுருக்கினார். சிவப்புப் பசை கருகுகிற, தித்திப்பும் காரமும் கலந்த ஒரு வாடை. குழியின் ஓரத்தில் நூலிழை போலப் புகை.

அயனை எடுத்துச் சாவியைச் செருகினார். 'க்ரீச்' இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. கெட்டிப் பாகைக் கரண்டியால் கிளறுவது போலக் கனமாக, மெதுவாக, சாவி அக்காவின் கையில் சுற்றியது.

"வருதா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

"வருதா இல்லையா, வாயத் திறந்து சொல்லேன்!"

"வருதுங்க, வருது!" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார். அங்கே அவ்வளவு புகை கிடையாது.

புது ரப்பரைப் பொருத்தி, மரையைச் சுத்தம் செய்து, போல்ட்டைத் திரும்ப ஏற்றியபோது மாமா பழைய மாமாவாகிவிட்டார். "அயன் தொட்டுச் சுட்டுச்சு. தொட்டுச் சுடுறது நெருப்போட குணம். ஆகவே இது என் கட்சி" என்று தொடங்கினார். "வயரு எங்க சொருகியிருந்துச்சுன்னு பாத்தீங்கல்ல? என் பக்கத்துச் சுவத்துல" என்றார் அக்கா. நீலப் பசை பாட்டிலை மாமா நீட்டினார், சமாதானமாக. அக்கா அதை வாங்கி மூடியை இறுக்கி, ஏணியில் ஏறி, அலமாரியின் உச்சித் தட்டில், எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு வந்தார்.

மாமா காலை மாட்டிக்கொண்டு எழுந்தார். கரிச்சுவர் வரை நடந்தார். அங்கிருந்து வெள்ளைச் சுவர் வரை நடந்தார். 'டொக்' இல்லை. போல்ட்டு மட்டும் இன்னும் முழுதாக இறுகவில்லை. முட்டி லேசாக ஆடியது. அக்கா மேசைக்கடியில் கிடந்த ஒரு குட்டைப் பலகையை இழுக்கக் குனிந்தார், உட்கார்ந்து முடுக்க.

"இரு" என்றார் மாமா.

இத்தனை வருஷமாக அவர் விரல் நுனியாலும் தொடாத அக்காவின் மேசை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றினார். செம்புச் சுருளை ஜாக்கிரதையாக ஓரம் தள்ளினார். மூச்சுப் பிடித்து, ஒரு எம்பு எம்பி, மேசைமேல் ஏறி உட்கார்ந்து, பங்காளியை நீட்டினார். முட்டி அக்காவின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. சாவியை எடுத்துத் தாமே முடுக்கினார், முடுக்கிக்கொண்டே வந்து, கடைசி அரைச் சுற்றை மிச்சம் வைத்துவிட்டு, சாவியை அக்காவிடம் நீட்டினார்.

"உன் தங்கச்சி வீட்ல அப்புறம் என்னாச்சு?" என்றார்.